வீணைக்குத் துணி உறையா, ஃபைபர் பெட்டியா?

வீணை உங்கள் கையை விட்டுப் போகுமா என்று மட்டும் பாருங்கள்: மடியிலோ பக்கத்து இருக்கையிலோ கூடவே வருமென்றால் பஞ்சு வைத்த துணி உறை போதும், பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம், பஸ் டிக்கி, விமானச் சரக்கு என்று இன்னொருவர் தூக்கிப் போடும் இடமென்றால் ஃபைபர் பெட்டிதான், அதில் கஞ்சத்தனம் கூடாது.

உறை உரசலைத் தடுக்கும், அவ்வளவுதான். மேலே ஒரு சூட்கேஸ் விழுந்தால் அந்தப் பாரம் நேராக உருண்டையான குடத்துக்கும் நீண்ட கழுத்தான தண்டிக்கும் போய்விடும், பெட்டியின் ஓடு அதைத் தான் வாங்கிக்கொள்ளும். ஆனால் பெட்டிக்குள் வீணை ஆடினால் பெட்டி இருந்தும் பயனில்லை. மூடிவிட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள், 'டொக்' என்று கேட்டால் குடத்தைச் சுற்றியும் தண்டியின் முனையில் இருக்கும் யாளி முகத்துக்கு அடியிலும் பழைய பருத்திப் புடவையை மடித்துத் திணித்துவிடுங்கள்.

வெயிலுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. தண்டியின் மேல் குறுக்கே வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்து சுருதி போய்விடும், அப்புறம் மேளம் கட்டத்தான், அதாவது மெட்டுகளை மறுபடி மெழுகில் சரியான இடத்தில் பதிக்கத்தான், ஆள் தேட வேண்டும், உறையானாலும் பெட்டியானாலும்.