வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவு: அமெரிக்க வரிக் கணக்கில் பலர் கோட்டைவிடும் இடங்கள்

என் மாமியாருக்கு மறதி நோய் முற்றிய முதல் வருடம், அவரைக் குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் சாப்பிடவைக்கவும் ஒரு பெண்மணி வாரம் ஐந்து நாள் வந்தார். நாளுக்கு ஆறு மணி நேரம், மணிக்கு 28 டாலர். வருடத்துக்கு 43,680 டாலர் ஆனது. அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்குப் போட உட்கார்ந்தபோது செக் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருந்தன. டாக்டரின் சான்று மட்டும் இல்லை. முன்தேதி போட்டு வாங்குவது பொய்க் கணக்கு என்பதால், அந்தப் பணத்தை மருத்துவச் செலவாக வருமானத்தில் கழித்து வரியைக் குறைக்கும் வாய்ப்பு அந்த வருடம் அப்படியே போயிற்று. பெற்றோரை அமெரிக்காவில் தங்களோடு வைத்துப் பார்க்கும் நம் குடும்பங்கள் பலவும் இதே இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

'நர்ஸ் வந்தால்தான் மருத்துவச் செலவு' என்ற எண்ணம்தான் முதல் தவறு. வருகிறவருக்கு நர்ஸ் படிப்போ லைசென்ஸோ தேவையில்லை. நோயாளியின் நிலைதான் முக்கியம். சாப்பிடுவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது, சிறுநீர், மலத்தை அடக்கிக்கொள்வது ஆகிய ஆறில் குறைந்தது இரண்டைப் பிறர் கணிசமாக உதவாமல் செய்ய முடியாத நிலை, குறைந்தது 90 நாளுக்கு நீடிக்க வேண்டும். அல்லது, மறதி போன்ற கடுமையான மனக்குறைபாட்டால் ஆபத்து வராமல் இருக்க யாராவது கூடவே இருந்து கவனிக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொருந்தினால் சட்டம் அவரை நாள்பட்ட நோயாளியாக ஏற்கும். அதன்பின் குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற சாதாரண உதவியும் மருத்துவச் செலவுதான்.

ஆனால் இந்த நிலையை டாக்டரோ, பதிவு பெற்ற நர்ஸோ, லைசென்ஸ் உள்ள சமூகப் பணியாளரோ எழுதிச் சான்றளிக்க வேண்டும். சான்று கடந்த 12 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதாவது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கூடவே 'பிளான் ஆஃப் கேர்', அதாவது என்னென்ன உதவி தேவை என்ற திட்டமும் வேண்டும். நாங்கள் இப்போது ஜனவரி செக்கப்புக்குப் போகும்போதே அந்த ஆறு செயல்களையும் ஒரு தாளில் எழுதி, எதில் எவ்வளவு உதவி என்று குறித்து எடுத்துப்போகிறோம். அவசரத்தில் இருக்கும் டாக்டர் 'முதுமை காரணமாக உதவி தேவை' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அது போதாது.

2011இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பேரல் வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மறதி நோயுள்ள ஒரு பெண்மணிக்கு 24 மணி நேரக் கவனிப்பு தேவை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பராமரித்தவர்கள் மருத்துவப் பணியாளர்கள் அல்ல. இருந்தும் அவர்களுக்குக் கொடுத்த 49,580 டாலரை நீதிமன்றம் ஏற்றது. சாமான்கள் வாங்கியதாகச் சொன்ன 5,566 டாலரை ஏற்கவில்லை, காரணம் ரசீது இல்லை.

அடுத்தது, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பணம். மகள் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கிறாள், அண்ணன் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறார். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இந்த நீண்டகாலப் பராமரிப்பை நோயாளியின் மகளோ மருமகளோ தங்கையோ செய்தால், அவர் அந்தச் சேவைக்கு லைசென்ஸ் பெற்றவராக இல்லாதவரை அந்தப் பணத்தை மருத்துவச் செலவாகக் கழிக்க முடியாது.

பெற்றோரின் செலவைப் பிள்ளைகள் கழிக்கலாமா என்பதிலும் குழப்பம் நிறைய. 'அப்பாவுக்கு வருமானம் இருக்கிறதே, அவர் டிபெண்டென்ட் (வரிக் கணக்கில் நம்மைச் சார்ந்தவர்) ஆக மாட்டாரே' என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரணமாக 2025க்கு 5,200 டாலர் என்ற வருமான வரம்பு உண்டு. மருத்துவச் செலவு விஷயத்தில் மட்டும் அந்த வரம்பு பொருந்தாது. அவரது வருடாந்திரத் தேவையில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குடியுரிமை நிபந்தனை மட்டும் தளராது. குடியுரிமையோ க்ரீன் கார்டோ இல்லாமல் இந்தியாவிலோ இலங்கையிலோ வசிக்கும் பெற்றோருக்கு அங்கே ஆள் வைத்துக் கொடுக்கும் சம்பளத்தை இங்கே கழிக்க வழியில்லை. பணம் அனுப்புவது நீங்களே என்றாலும் அப்படித்தான்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து செலவு செய்தால், படிவம் 2120 மூலம் ஒருவர் மட்டும் அம்மாவைத் தன் கணக்கில் காட்டலாம். அவரும் தன் கையிலிருந்து கொடுத்ததை மட்டுமே கழிக்க முடியும். தம்பி கொடுத்த பங்கு யார் கணக்கிலும் வராமல் போய்விடும். அதனால் கணக்கில் காட்டப்போகிறவரே மருத்துவச் செலவைக் கொடுக்கட்டும், மற்றவர்கள் வாடகை, மளிகை என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இனி, நான் பார்த்ததில் மிக ஆபத்தான தவறுக்கு வருகிறேன். ஏஜென்சி மூலம் ஆள் வந்தால் பெரும்பாலும் ஏஜென்சிதான் முதலாளி. நீங்களே நேரடியாக அமர்த்தி, எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் நீங்கள்தான் முதலாளி. கையில் பணமாகக் கொடுப்பதும், வேலையாள் அல்ல, கான்ட்ராக்டர் என்று சொல்லி 1099 படிவம் கொடுப்பதும் சரியல்ல. 2025இல் ஒருவருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ சம்பளம் கொடுத்திருந்தால், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியாக முதலாளி, வேலையாள் இருவர் பங்கிலும் தலா 7.65 சதவீதம் கட்டி, டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் கொடுத்து, உங்கள் ரிட்டர்னோடு வீட்டு வேலையாள் வரிக்கான ஷெட்யூல் ஹெச் படிவத்தைச் சேர்க்க வேண்டும். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்த வேலை மருத்துவப் பராமரிப்பாக இருக்கும் அளவுக்கு, முதலாளி பங்கையும் மருத்துவச் செலவில் சேர்க்கலாம். எங்கள் 43,680 டாலருக்கு அது சுமார் 3,340 டாலர். அப்புறம், வருகிறவருக்கும் ஒரு முதுமை உண்டு. அவருடைய சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் பணம் ஏற வேண்டும் என்பதற்காகவாவது இதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

வந்தவர் வீடு முழுவதற்கும் சமைக்கிறார், எல்லோர் துணியையும் துவைக்கிறார் என்றால் அந்த நேரத்துக்கான சம்பளத்தைப் பிரித்துத் தள்ளிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு நோட்டு தொங்கும். '9:15 குளியல், 10 மாத்திரை, 11:30 நடை' என்று பார்த்துக்கொள்ள வருகிறவரே எழுதுவார். வாரக் கடைசியில் செக் எண்ணை அதன் கீழே நான் எழுதுவேன்.

முழுத் தொகையும் கழியும் என்று எதிர்பார்ப்பதும் வழக்கமான ஏமாற்றம். ஏஜிஐயில் (சரிக்கட்டிய மொத்த வருமானத்தில்) 7.5 சதவீதத்தைத் தாண்டியது மட்டும்தான், கழிவுகளைப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ படிவத்தில் வரும். ஏஜிஐ 1,20,000 டாலர் என்றால் முதல் 9,000 போய்விடும். 43,680இல் மிஞ்சுவது 34,680. கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போட்டால் 2025இன் ஸ்டாண்டர்டு டிடக்ஷன், அதாவது செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் கழிவு, 31,500 டாலர். ஆக, வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி எல்லாம் சேரும் முன்பே ஐட்டமைஸ் செய்வது, அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பது, லாபம். 'நமக்கு எப்போதும் ஸ்டாண்டர்டுதான்' என்று பழக்கதோஷத்தில் டிக் அடித்துவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் திருப்பித் தந்ததையும், ஹெச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கொடுத்ததையும் மறுபடி கழிக்கக் கூடாது. படிவம் 2441இல் பராமரிப்பு கிரெடிட் (வரியிலிருந்தே நேராகக் குறையும் சலுகை) வாங்கிய அதே டாலரை இங்கே காட்டவும் கூடாது. டிசம்பரில் செய்த வேலைக்கு ஜனவரியில் செக் கொடுத்தால் அது அடுத்த வருடச் செலவு.

சான்று அப்போதே கையில் இருந்தும் கழிக்காமல் விட்ட பழைய வருடம் ஏதாவது இருந்தால், 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தலாம். பொதுவாக ரிட்டர்ன் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு.