உலகம் அதேதான், பகடைதான் வேறு: ஒரு கற்பனை உலகத்தை இன்னொரு விளையாட்டு முறைக்கு மாற்றுவது எப்படி?

போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் நாங்கள் ஐந்து பேர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் கூடி ரோல்பிளேயிங் கேம் விளையாடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதை நடக்கும் உலகத்தையும் நாங்களே கட்டினோம். கடல் ஏறி கொழும்பை மூடிப் பல நூறு வருடங்கள் ஆகிவிட்டன. தாமரைக் கோபுரத்தின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, அதுதான் துறைமுகம். கப்பல் எஞ்சினுக்கு முன்னால் பழைய ஏட்டுச்சுவடியைப் பாடினால்தான் அது விழிக்கும். ஒவ்வொரு முறையும் பாடியவரின் ஞாபகம் ஒன்று அழிந்துபோகும்.

முதலில் இதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு முறையின் ஐந்தாம் பதிப்பில் விளையாடினோம். பிறகு, 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டின் வழிவந்த முறைக்கு மாற்றினோம். அந்த மாற்றத்தை எப்படிச் செய்தோம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: விதிப் புத்தகத்தை மூடி வையுங்கள்

ஒரு கொப்பியில் ஐந்து வசனம் எழுதுங்கள். உங்கள் உலகத்தில் மட்டும் நடக்கக்கூடியது எது? அதற்கு மனிதர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? "எங்கள் உலகத்தில் வாள் இருக்கிறது, விண்கலம் இருக்கிறது" என்பது போதாது. "பாடினால் மறப்பாய்" என்ற ஒரே வசனத்தில் எங்கள் உலகம் முழுவதும் அடங்கிவிட்டது. நீங்கள் மாற்றப்போவது இந்த வசனங்களைத்தான். எண்களை மாற்றத் தொடங்கினால் வேலை முடியாது. நாங்கள் முதலில் அப்படித்தான் தொடங்கி மூன்று போயா நாட்களை விட்டோம்.

படி 2: இரண்டு பகடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டுவோம். எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம். எட்ட வேண்டிய இலக்கு 15, உங்கள் கூட்டெண் (பாத்திரத்தின் திறமைக்காகப் பகடையோடு கூட்டும் எண்) +5 என்றால் 55 சதவீதம் வெற்றி, 45 சதவீதம் தோல்வி.

புதிய முறையில் சாதாரண ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டி, அதோடு கூட்டெண்ணையும் சேர்ப்போம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் ஒரு சிக்கலும் கூடவே வரும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர், நிலைமையை மோசமாக்குவார். உங்கள் கூட்டெண் +2 என்றால் முழு வெற்றிக்கு சுமார் 42 சதவீதம், சிக்கலோடு வெற்றிக்கும் அதே 42, தோல்விக்கு 17.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், 36 சேர்க்கைகள்தான். முழுத் தோல்வி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் முழு வெற்றியும் குறைந்திருக்கிறது. நடுவில் உள்ள அந்த 42 சதவீதம்தான் கதையை நடத்தும். விலை கொடுத்து வெல்லும் உலகம் எங்களுடையது, ஆகவே இந்த முறை அதற்குச் சரியாகப் பொருந்தியது. இன்னொரு வசதியும் உண்டு: லூடோ பெட்டியில் உள்ள பகடையே போதும்.

உங்கள் உலகம் வேறு மாதிரி இருந்தால் வேறு முறையைப் பாருங்கள். பாத்திரங்களை விவரிக்கும் சொற்றொடர்களே முக்கியம் என்றால் ஃபேட் என்ற முறை நல்லது. அதன் பகடை முகங்களில் +, −, வெற்று ஆகியவை மட்டுமே இருப்பதால், நான்கு பகடைகளின் கூட்டு −4 முதல் +4 வரை மட்டுமே போகும்.

படி 3: மந்திரம்

இங்கே நேரம் எடுங்கள். முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது.

பழைய முறையில் ஏடு பாடுவதை நாங்கள் ஒரு மந்திரமாக வைத்திருந்தோம். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இரண்டு மந்திர இடங்கள் (ஒரு மந்திரம் போட்டால் ஒன்று செலவாகும்), எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இரண்டும் திரும்பிவிடும். அதனால் ஞாபகம் போவது வெறும் அலங்கார வசனமாகிவிட்டது. காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று விதியே சொல்லும்போது யாருக்கு வலிக்கும்?

புதிய விதியை இப்படி எழுதினோம்:

*ஏட்டைப் பாடும்போது இரண்டு பகடையை உருட்டி உங்கள் மன உறுதி எண்ணைக் கூட்டுங்கள். 10+ என்றால் எஞ்சின் விழிக்கும், எந்த ஞாபகத்தை இழப்பது என்று நீங்களே தெரிவு செய்யலாம். 7–9 என்றால் எஞ்சின் விழிக்கும், ஆனால் தெரிவு செய்பவர் உங்கள் பக்கத்தில் இருப்பவர். 6 அல்லது கீழே என்றால் ஞாபகம் போகும், எஞ்சினுக்குள் வேறு ஏதோ விழிக்கும்.*

எந்த எண் விழுந்தாலும் விலை உண்டு என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் ஆறு ஞாபகங்களைத் தாளில் எழுதுவோம், இழந்ததைப் பேனையால் வெட்டுவோம். முதல் நாள் எங்கள் கப்பல் தலைவிக்கு 8 விழுந்தது. பக்கத்தில் இருந்தவன் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா வைத்த சொதியின் ருசி" என்ற வரியைத் தொட்டான். அவள் அதை வெட்டி முடிக்கும்வரை யாரும் கதைக்கவில்லை. ஒரு வருடம் விளையாடியும் பழைய முறையில் அப்படி ஒரு கணம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

படி 4: பாத்திரங்களும் பிராணிகளும்

பழைய முறையில் பலம் 16 என்றால் புதிய முறையில் என்ன என்று கேட்காதீர்கள். இந்தப் பாத்திரம் கதையில் என்ன செய்கிறது என்று கேட்டு, −1 முதல் +3 வரையான எண்களைப் புதிதாகப் பிரித்துக் கொடுங்கள்.

பிராணிகளுக்கும் அப்படித்தான். எங்கள் உலகத்தில் ஒரு பெரிய இழுதுமீன் உண்டு. அதைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் கவச எண்ணையும், அது எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப் புள்ளிகளையும் தூக்கிவிட்டு, அது என்ன தேடுகிறது, என்னென்ன செய்யும் என்று மட்டும் எழுதினோம். இழந்த ஞாபகங்களைத் தேடி வரும். விளக்குகளை அணைக்கும். கப்பலின் அடியைப் பற்றிக்கொள்ளும். நீங்கள் மறந்த ஒன்றை உங்கள் குரலிலேயே சொல்லும்.

படி 5: ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள்

எல்லாம் எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கப்பல், ஒரு ஏடு, ஒரு ஆபத்து போதும். எந்த இடத்தில் பழைய விதி உங்களை அறியாமல் வாயில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு "எத்தனை உயிர்ப் புள்ளி மிச்சம்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்த போயாவுக்கு முன் காயங்களுக்கென ஒரு சின்ன விதி எழுதினோம்: முதல் காயம் வலிக்கும், இரண்டாவது ஒரு வேலையைச் செய்யவிடாது, மூன்றாவதில் உங்களை யாராவது தூக்கிச் செல்ல வேண்டும்.