மின்பகிர்மானக் கொள்முதல் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்பகிர்மான நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேரும் பொறியாளர்கள் ஆண்டுத் தேவைப் பட்டியல் தயாரிக்கும் விதத்தைப் பார்த்தால், எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே கைமாறி வந்திருப்பது தெரிகிறது. அன்று பேரேட்டில் நடந்தது இன்று கணினியில் நடக்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தப்புள்ளியோடு கட்டவேண்டிய முன்வைப்புத் தொகையைச் சரிபார்க்காமல் விடுவது, ஒப்பந்தப்புள்ளியில் தேதியைத் தவறாகக் குறிப்பது போன்றவற்றைத் தணிக்கையாளர்களே பிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. தணிக்கையில் சிக்காமல், மின்தடை நேரத்திலும் மின்னிழப்பிலும் வருவாயிலும் மட்டும் தலைகாட்டும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

வழங்கல் பதிவேட்டைத் தேவை என்று எடுத்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சென்ற ஆண்டு பண்டகசாலையிலிருந்து எத்தனை மின்மாற்றிகள் வழங்கப்பட்டன என்று பார்த்து, அதோடு 10 சதவீதம் கூட்டி, அதையே இந்த ஆண்டின் தேவை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வழங்கல் பதிவேடு சொல்வது இருப்பில் இருந்து வெளியே போனதை மட்டுமே. கேட்டும் கிடைக்காமல் போனதற்கு அதில் பத்தியே கிடையாது.

ஒரு மின்பகிர்மான வட்டத்தில் ஆண்டுக்கு 60 மின்மாற்றிகள் எரிந்துபோகின்றன என்றும், பண்டகசாலையில் 40 மட்டுமே இருந்தன என்றும் வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் 40 என்று ஏறும். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் 44 என்று வரும். உண்மையில் தேவைப்படுவதோ அந்த ஆண்டுக்கான 60, பழைய பாக்கி 20, ஆக 80. பற்றாக்குறை இருந்த ஆண்டே அடுத்த ஆண்டின் பற்றாக்குறைக்கு ஆதாரமாகிவிடுகிறது. இதற்கிடையில் பிரிவு அலுவலகத்தில் உள்ள உதவிப் பொறியாளர் சும்மா இருக்க முடியாது. சம்பா நடவு முடிந்த வயலுக்குப் பம்புசெட் ஓடவில்லை என்றால் ஊர் திரண்டு அலுவலகத்துக்கு வந்துவிடும். எனவே எரிந்த மின்மாற்றியின் பளுவைப் பக்கத்து மின்மாற்றிக்கு மாற்றுகிறார். சில வாரங்களில் அதுவும் எரிகிறது. வாங்காமல் விட்ட ஒன்று இரண்டாகிறது.

ஒரு வட்டப் பண்டகசாலையில் இதை நேரில் பார்த்தேன். 63 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள மின்மாற்றி கேட்டு எழுதிய கோரிக்கைச் சீட்டை ஓர் இளம் பொறியாளர் நீட்டினார். பண்டகக் காப்பாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இல்லாத சாமானுக்கு எதுக்கு சார் நம்பர் போடணும்? வந்ததும் போன் பண்றேன்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தச் சீட்டு சட்டைப் பைக்குப் போனது. காப்பாளர் மேல் குற்றம் இல்லை. நிலுவையை எழுதி வைக்கும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அதே வட்டத்துக்கு எதிரே "நிலுவைக் கோரிக்கை: இல்லை" என்று திரையில் காட்டப்பட்டது, குறைந்த பொருட்களைக் கொண்டு சிக்கனமாக நடத்துவதாகப் பாராட்டும் கிடைத்தது.

இந்தப் பாராட்டு எங்கே கொண்டுவிடும் என்றால், விவரம் தெரிந்த மற்ற வட்டங்கள் எப்படியும் வெட்டுவார்கள் என்று தேவையை ஒன்றுக்கு இரண்டாக எழுதி அனுப்பத் தொடங்கும். எப்படியும் கூட்டித்தான் கேட்டிருப்பார்கள் என்று தலைமையகமும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். அதன் பிறகு தேவைப் பட்டியல் என்பது யாரும் நம்பாத காகிதம்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. இருப்பு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண் கொடுத்துத் தேதியுடன் பதிவு செய்யுங்கள். தேவையை வழங்கலிலிருந்து கணக்கிடாமல் பழுது அறிக்கைகளிலிருந்து கணக்கிடுங்கள்: பழுதானவை, பழைய பாக்கி, புதிய இணைப்புகளுக்கு வேண்டியவை ஆகியவற்றைக் கூட்டி, பழுதுநீக்கித் திரும்புபவற்றையும் உத்தரவாதக் காலத்தில் எரிந்து உற்பத்தியாளர் மாற்றித் தரவேண்டியவற்றையும் கையிருப்பையும் ஏற்கெனவே ஆணையிட்டு வரவேண்டியவற்றையும் கழியுங்கள்.

குறைந்த விலையை மலிவு என்று கருதுவது

இந்தியத் தரநிலை 1180-இன் 2014 வெளியீட்டின்படி, 100 கேவிஏ மின்மாற்றி அரைப்பளுவில் இழக்கக்கூடிய மொத்த மின்திறன் அதிக இழப்பை அனுமதிக்கும் முதல் நிலையில் 520 வாட், குறைந்த இழப்பையே அனுமதிக்கும் மூன்றாம் நிலையில் 435 வாட். 85 வாட் வித்தியாசம் ஒரு குண்டு பல்புக்குச் சமம் என்று சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைப்பளுவில் ஆண்டு முழுவதும் ஓடினால் அது ஏறத்தாழ 745 யூனிட். 25 ஆண்டுகளில் 18,000 யூனிட்டைத் தாண்டும். இழப்பின் மதிப்பை விலையோடு சேர்த்து ஒப்பிடும் முறையை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே எழுதாவிட்டால், விலைப்புள்ளி திறந்த பிறகு அதைப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

மழைக்கு முன் வந்துவிடும் என்று நம்புவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்டோபருக்கான கம்பங்களுக்கு ஜூலையில் கோப்பு நகரும். ஒப்பந்தப்புள்ளி, மதிப்பீடு, ஒப்புதல், உற்பத்தி, ஆய்வு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சென்ற முறை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்பதைக் கோப்பிலிருந்து எடுத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விதியில் உள்ள நாள்களை வைத்துக் கணக்கிடாதீர்கள். மின்மாற்றியின் உள்ளகத்துக்கான சிலிக்கான் எஃகுத் தகட்டில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால், அவசரம் என்று உற்பத்தியாளரிடம் கத்துவதில் அதிகப் பயன் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அந்த அளவுக்கு யாரும் இருப்பு வைக்க முடியாது. ஆனால் அண்டை மாநிலங்களிடமிருந்து எந்த அளவிலான கம்பங்களைப் பெறலாம், எந்த வழியில் வரும் என்பதை முன்கூட்டியே பேசி வைக்க முடியும்.

மீட்டரைச் சில்லறைச் சாமானாக நினைப்பது

மின்மாற்றி இல்லாவிட்டால் ஊர் கூடும். மீட்டர் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் பழைய பயன்பாட்டின் சராசரியை வைத்துப் பில் போடும் சராசரிக் கணக்கீட்டில் நுகர்வோருக்குப் பல நேரங்களில் இலாபமே. நட்டம் நிறுவனத்துக்கு, அதுவும் சத்தமில்லாமல்.

ஆணையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது

ஒப்பந்தப்புள்ளி கோருவதைத் தவிர்ப்பதற்காக ஒரே தேவையைச் சிறு சிறு ஆணைகளாக்க வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைப் படியுங்கள்.

ஆணை கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று விடுவது

பொருள் ஆய்வுக்குத் தயார் என்று உற்பத்தியாளர் கடிதம் அனுப்பிவிட்டு, ஆய்வுப் பொறியாளருக்காகக் காத்திருப்பார். நம் அலுவலகத்தில் அந்தக் கடிதம் தபால் கட்டில் கிடக்கும். பிறகு தாமதத்துக்காகப் பில்லில் பிடித்தம் செய்யப் போனால், அவர் அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைப்பார், பிடித்தத் தொகையைத் திருப்பித் தரவேண்டி வரும். ஆய்வு அழைப்புக் கடிதங்களுக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். வந்த நாள், ஆய்வாளர் புறப்பட்ட நாள் இரண்டையும் அதில் எழுதி, வாரம் ஒரு முறை செயற்பொறியாளரின் கையொப்பம் பெறுங்கள்.