ஆங்கில வீட்டுப்பாடம்: பேனாவை வாங்கிக்கொள்ளாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டு வராந்தாவில் மாலை ஆறு மணிக்குமேல் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தோடு வந்து உட்காருவார்கள். கட்டணம் கிடையாது, அதனால் புகாரும் கிடையாது. இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு ஒன்று நிச்சயம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடும் பிழைகளைவிட, உதவி கேட்பதிலும் உதவி செய்வதிலும் நடக்கும் பிழைகள்தான் அதிகச் சேதம் செய்கின்றன.

அவற்றில் மூத்தது, வெறும் நோட்டோடு வந்து நிற்பது. கேள்வி மட்டும் எழுதியிருக்கும். பதிலுக்கு இடம் விட்டிருக்கும். வீட்டில் கல்லூரி போகும் அக்கா இருந்தால் பேனாவை வாங்கி அவளே எழுதிவிடுவாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் வகுப்பில் அதே போன்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதச் சொன்னால் பிள்ளை விழிக்கும். நான் வைத்திருக்கும் ஒரே கண்டிப்பு இதுதான்: தப்போ சரியோ, பென்சிலால் ஒரு பதில் எழுதிக்கொண்டு வா மக்களே. எழுதிய தப்பைப் பார்த்தால்தான் பிள்ளை எந்த இடத்தில் வழி மாறியது என்பது எனக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளியிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வரி: ‘லாஸ்ட் சாட்டர்டே வி ஹேட் கான் டு த பேலஸ்.’ ‘ஹேட் கான்’ என்பதை அடித்து ‘வென்ட்’ என்று மாற்ற அரை நொடி போதும். மாற்றவில்லை. “ஏன் ஹேட் போட்டாய்?” என்று கேட்டேன். “சென்றிருந்தோம் என்றுதானே டீச்சர் வரும்?” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘போன சனிக்கிழமை அரண்மனைக்குச் சென்றிருந்தோம்’ என்பது நல்ல தமிழ். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ வர வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் நடந்து முடிந்த இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். மழை தொடங்குவதற்கு முன்பே உள்ளே போய்விட்டிருந்தோம் என்றால் ‘வி ஹேட் கான் இன் பிஃபோர் த ரெய்ன் ஸ்டார்ட்டட்’. மழை இல்லாவிட்டால் ‘வென்ட்’ போதும். அன்று முதல் அவள் ‘ஹேட்’ எழுதும்போதெல்லாம் “மழை எங்கே?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள். பன்னிரண்டு கட்டம் போட்ட காலங்களின் அட்டவணையை அவளும் மனப்பாடமாகச் சொல்வாள். அந்த அட்டவணை இந்த வேலையைச் செய்யவில்லை. இலக்கணச் சந்தேகம் கேட்கும் பிள்ளையிடம் விதியை ஒப்பிக்கச் சொல்வது உதவுபவர்கள் செய்யும் பெரிய தவறு. பிழை பெரும்பாலும் தமிழிலிருந்து வந்திருக்கும். ‘என்மேல் கோபம்’ என்பதால் ‘ஆங்ரி ஆன் மீ’. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ்டு அபௌட் இட்’. முதலாவதில் ‘ஆன்’ போய் ‘வித்’ வர வேண்டும், இரண்டாவதில் ‘அபௌட்’ வேண்டவே வேண்டாம். வேர் தெரிந்தால் பிடுங்குவது எளிது.

சொற்களுக்கு வருவோம். அகராதியிலோ மொழிபெயர்ப்புச் செயலியிலோ முதலில் தென்படும் தமிழ்ச் சொல்லை நோட்டில் எழுதி மூடிவிடுவது இங்கே எல்லோரிடமும் உள்ள பழக்கம். ஒரு பையன் ‘மிஸ்’ என்பதற்கு ‘தவறவிடு’ என்று எழுதி வைத்திருந்தான். ‘ஐ மிஸ்ட் த பஸ்’ சரியாக வந்தது. அடுத்த வரி ‘ஐ மிஸ் மை ஃபாதர்’. அதற்கு அவன் எழுதியது, ‘நான் என் அப்பாவைத் தவறவிடுகிறேன்.’ அவன் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அந்த வரியின் பொருள் வராந்தாவில் இருந்த எவரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் நோட்டில் இருந்த ஒற்றைச் சொல் அவனை அங்கே போகவிடவில்லை. சொல்லைத் தனியாக எழுத வேண்டாம், அது வந்த வாக்கியத்தோடு எழுது என்றேன்.

கடினமான சொற்களின் நீளப் பட்டியலைத் தேடி ஓடுவதும் வீண். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள்தான். சாதாரண ஆங்கிலப் பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். ‘மிஸ்’, ‘ரன்’, ‘டேக்’ போன்ற இந்தச் சின்னச் சொற்களுக்குத்தான் முகங்கள் அதிகம்.

பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதியில் இரண்டு தவறுகள் சோடியாக வரும். ஒன்று, முழுப் பத்தியையும் வரிக்கு வரி தமிழாக்கித் தரச் சொல்வது. இன்னொன்று, கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி அந்த வரியை அப்படியே இறக்கிவைப்பது. எப்போது, எங்கே என்ற கேள்விகளுக்கு இரண்டாவது வழி ஓரளவு கைகொடுக்கும். ஏன் என்று கேட்டால் கைவிட்டுவிடும்.

பயிற்சிக்காக நானே ஒரு சிறு பத்தி எழுதிக் கொடுத்தேன். அந்தி நேரம். கரையில் ஒரு பெண் நிற்கிறாள். திரும்பிவரும் படகுகளை எண்ணுகிறாள். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறாள். கேள்வி: அவள் ஏன் மறுபடியும் எண்ணினாள்? நான்கு பேர் ‘பிகாஸ் ஷி கவுண்ட்டட் த போட்ஸ்’ என்று எழுதினார்கள். “அதற்குப் பதில் பத்தியில் இல்லை டீச்சர்” என்று ஒருவன் வாதாடினான். குளச்சலிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் மட்டும் தலைநிமிராமல் தமிழில் சொன்னாள்: “ஒரு படகு குறைகிறது.” 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்த நாட்களில் நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேர் அப்படி நின்றார்கள். அவளுக்கு ஆங்கிலம் மற்றவர்களைவிடக் குறைவுதான். முதலில் தமிழில் யோசிக்கவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே அவிழ்ந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுவது அடுத்த வேலை.

செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பயன்படுத்தட்டும். ‘நேற்று வரவில்லை’ என்று தமிழில் கொடுத்தால், வராதது நானா அவளா என்பது அதற்குத் தெரியாது. தானாக ஒருவரைச் சேர்த்துவிடும். கட்டுரையைக் கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதாத சொற்களாகக் கொட்டும். ஆசிரியர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ‘திருத்தாதே, பிழை எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்’ என்று கேட்கப் பழக்கினால் ஓரளவு உருப்படியாக இருக்கும். சொன்னதைப் பாடநூலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

கடைசியாக, நேரம். நம் மாவட்டத்தில் பல வீடுகளில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் கடல் கடந்து போகிறது. சவூதியில் இரவு எட்டுக்கு வேலை முடித்து அப்பா அழைக்கும்போது இங்கே பத்தரை. பிள்ளை தூக்கத்தில் தலையாட்டும், அப்பா பதிலைச் சொல்லச் சொல்ல அம்மா எழுதிக்கொள்வாள். அதைவிட, பென்சிலில் எழுதிய பதிலைப் படம் பிடித்து, சந்தேகம் உள்ள சொல்லுக்கு அடியில் கோடு போட்டு மாலையிலேயே அனுப்பிவிடுங்கள். அவர் குரல் பதிவாகச் சொல்லிவைக்கட்டும். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கேட்டுவிட்டுப் பிள்ளையே திருத்திக்கொள்ளும். அப்பாவின் குரலென்பதால் இரண்டு முறை கேட்கும்.