ஆர்சி ஹெலி பறக்கவிடும் முன்: பிளேடு தெறிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

புதிதாக ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டர் வாங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது ஹோவர் செய்வது, அதாவது காற்றில் ஒரே இடத்தில் நிறுத்துவது, எப்படி என்றுதான். பறந்துகொண்டிருக்கும்போது ஒரு பிளேடு கழன்று வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

450 அளவு என்ற பெயரில் வரும் சின்ன ஹெலியை எடுத்துக்கொள்வோம். பிளேடின் நீளம் 325 மில்லிமீட்டர், எடை 35 கிராம் அளவில் இருக்கும். கையில் எடுத்தால் பள்ளிக்கூட ஸ்கேல் மாதிரிதான் தெரியும். அதே பிளேடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது சுமார் 60 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 700 அளவு ஹெலி என்றால் இழுவிசை 350 கிலோவைத் தாண்டும், நுனி வேகம் 600-ஐ நெருங்கும். இவ்வளவையும் தாங்குவது பிளேடின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரே ஒரு ஓட்டையும் அதில் போகிற ஒரு போல்ட்டும்தான். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விசை இருபத்தொரு சதவீதம் கூடும், அதனால் பிளேடு தயாரித்தவர்கள் சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டாதீர்கள்.

படி 1: பிளேடைப் பாருங்கள்

பேட்டரி வெளியே இருக்கட்டும். இரண்டு பிளேடையும் கழற்றி நல்ல வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது போல்ட் ஓட்டையைச் சுற்றியுள்ள இடம். மயிரிழை மாதிரி ஒரு கீறல், ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருப்பது, அடுக்கு லேசாகப் பிரிந்து விளிம்பில் கோடு தெரிவது, இதில் எது இருந்தாலும் அந்த பிளேடு அவ்வளவுதான்.

அப்புறம் கார்பன் பிளேடாக இருந்தால் அடியிலிருந்து நுனிவரை நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டிக் டிக்' என்று கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமாகிப் போனால், உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். லேசாக வளைத்தும் பாருங்கள். நெரிகிற சத்தம் கேட்கக் கூடாது. மரப் பிளேடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், மேலே ஒட்டியிருக்கும் ஃபிலிம் உள்ளே இருக்கும் விரிசலை மறைத்துவிடும். ஃபிலிமில் எங்காவது சுருக்கம் விழுந்திருந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஒருமுறை தரையில் அடித்த பிளேடு வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக அதைத் திரும்ப மாட்டாதீர்கள். சூப்பர் குளூ போட்டு ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கூடாது. மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள், பழையதில் ஒன்று புதியதில் ஒன்று என்று கலக்கக் கூடாது.

படி 2: போல்ட்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போடாதீர்கள். ஹெலியோடு வரும் போல்ட்டில் பிளேடு உட்காரும் இடம் மரையில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். தலைவரை மரை உள்ள போல்ட்டைப் போட்டால், அந்த மரை ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போல அராவிவிடும். நைலான் வளையம் வைத்த நட்டைப் பல தடவை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். விலை கொஞ்சம்தான், மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பிளேடு தன் எடையில் தானாக விழக் கூடாது, லேசாக உதறினால் நகர வேண்டும். ரொம்ப இறுக்கினால் சுற்றும்போது பிளேடு தானாக நேராக வந்து நிற்க முடியாமல் ஹெலி ஆடும். ரொம்பத் தளர்வாக இருந்தால் மோட்டார் கிளம்பும்போதே மடங்கிக்கொள்ளும்.

படி 3: ஸ்பிண்டில்

பிளேடைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பிளேடு முழுசாக நன்றாக இருக்கும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கிரிப்போடு சேர்ந்து மொத்தமாகப் பறந்துபோகும். காரணம், கிரிப்புக்குள் ஸ்பிண்டில் ஷாஃப்டின் (இரண்டு கிரிப்பையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) முனையில் இருக்கும் திருகு தளர்ந்திருக்கும். அதிர்வில் அது தானாகவே சுழன்று வெளியே வரும்.

திருகையும் ஷாஃப்டின் மரையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். நீல நிற லோக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். எண்ணெய் இருந்தால் லோக்டைட் பிடிக்காது, போட்டும் பயனில்லை. கிரிப்பைக் கழற்றியிருக்கும்போதே பிளேடின் வெளி இழுவையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் பாருங்கள்: அதன் இரண்டு வாஷரில் உள் ஓட்டை பெரியது ஹெட் (ரோட்டரின் நடுப்பகுதி) பக்கம், சிறியது திருகின் பக்கம். மாற்றிப் போட்டால் அந்தப் பேரிங் நீண்ட நாள் தாங்காது. சின்ன விபத்துதான் என்றாலும் ஸ்பிண்டிலைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள், தள்ளாடினால் புதியது போடுங்கள். பிளாஸ்டிக் கிரிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

வாலில் இருக்கும் டெயில் பிளேடுக்கும் இதே சோதனைதான். சின்னது என்று விட்டுவிடாதீர்கள், அது மெயின் ரோட்டரைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுகிறது.

படி 4: எங்கே நிற்பது

மேசையில் எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒருநாள் ஏதாவது உடையலாம். அப்படி உடைந்தால் பிளேடு ரோட்டர் சுற்றும் தளத்திலேயே எந்தத் திசையிலும் பாயும். ஹெலி தரையில் நிற்கும்போது அந்தத் தளம் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவருக்கு அது முகத்துக்கு நேராக வந்துவிடும். ஆகவே குந்த வேண்டாம், குழந்தைகளைக் கிட்டே விட வேண்டாம்.

ரிமோட்டில் த்ராட்டில் ஹோல்டு (மோட்டார் சுற்றாமல் நிறுத்தி வைக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேட்டரி மாட்ட வேண்டும். ஹெலியைத் திறந்த மைதானத்தில் வைத்துவிட்டு நடந்து விலகுங்கள். 450 அளவுக்கே பத்து மீட்டராவது தள்ளி நின்றபின் ஹோல்டை எடுங்கள், பெரிய ஹெலிக்கு இன்னும் தள்ளிப் போங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் உங்களுக்கும் பின்னால் நிற்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செட்டிங் மாற்றும்போது மோட்டார் வயரைக் கழற்றிவிடுங்கள், ஹால் நடுவில் ரோட்டர் சுற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், பூங்காவில் பறக்கவிட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் தன் ஹெலியே தலையில் மோதி இறந்துபோனார். அவர் கற்றுக்குட்டி அல்ல, வித்தைகள் செய்யத் தெரிந்தவர்.

படி 5: காற்றில் ஆட்டம் தெரிந்தால்

புதிதாக ஒரு அதிர்வு, டெயில் மங்கலாகத் தெரிவது, சத்தம் மாறுவது என்றால் உங்களிடமிருந்து விலக்கி உடனே இறக்குங்கள், இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பிளேடே போய்விட்டால் விரல் போக வேண்டிய இடம் த்ராட்டில் ஹோல்டு மட்டும்தான். ஹெலியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அது விழட்டும். விழுந்தபின் ரோட்டர் முழுசாக நின்றதைப் பார்த்துவிட்டு, ஹோல்டு போட்ட நிலையிலேயே போய் பேட்டரியைக் கழற்றுங்கள். கார்பன் சிலும்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு, துண்டுகளைக் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குங்கள்.

கழித்த பிளேடுகளைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து நீங்களே நல்லது என்று நினைத்து எடுத்து மாட்டிவிடுவீர்கள். அன்றைக்கே இரண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள்.