இருபது பேர் கல்யாணம்: ராமநாதபுரம் கடற்கரையில் திட்டமிடுவது எப்படி?

மண்டபம் வேண்டாம், ஆயிரம் பேர் பந்தி வேண்டாம், நெருங்கியவர்கள் மட்டும் இருந்தால் போதும் என்று முடிவெடுத்து, அதை எங்கள் ராமநாதபுரம் பக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு கடல், பழைய கோயில்கள், முந்நூறு வருட ஓவியங்கள் உள்ள ஓர் அரண்மனை எல்லாம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் குறைந்தால் வேலையும் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மண்டபக்காரரும் சமையல்காரரும் பார்த்துக்கொள்ளும் வேலைகள் உங்கள் தலையில் விழும். அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பெயர்ப் பட்டியல்

இடம் பார்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒரு வேனில் அடங்கும் ஆட்கள் என்பது நல்ல கணக்கு. ஒவ்வொருவராகப் பெயரை எடுத்து "இவரா, அவரா" என்று பார்த்தால் முடியவே முடியாது. வரிசையாக வெட்டுங்கள். ஒரு சித்தப்பாவை அழைத்தால் எல்லாச் சித்தப்பாக்களையும் அழைத்தாக வேண்டும். யாரையும் அழைக்கவில்லை என்றால் ஒருவரும் கோபித்துக்கொள்ள முடியாது. தாய்மாமன் மட்டும் விதிவிலக்கு. மாலை எடுத்துக்கொடுக்க அவர் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு பேரன் காலம் வரை ஓடும்.

அழைக்காதவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே அப்பா, அம்மா வாயால் போனில் சொல்லிவிடுவது நல்லது. வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அத்தையைச் சமாதானப்படுத்துவது சாதாரண வேலை இல்லை.

படி 2: சட்டப்படி எது கல்யாணம்?

பலரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான். முதலில் பாருங்கள், ஏனென்றால் சில வழிகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். எந்த வழியானாலும் மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் சுலபமான வழி சுயமரியாதைத் திருமணம். 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் கட்டாயம் இல்லை. ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னக் கல்யாணத்துக்கு இதைவிடத் தோதான வழி கிடையாது. தாலி கட்டும் இடம் கடற்கரையா, வீட்டு முற்றமா என்பது உங்கள் விருப்பம்.

மதம் வேறு வேறு என்றால், மதம் மாறாமல் மணம் செய்துகொள்ள 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது 30 நாள் தொடர்ந்து குடியிருந்த பகுதியின் திருமண அலுவலரிடம்தான் மனு கொடுக்க முடியும். சென்னையில் குடியிருப்பவர்கள் நேராக ராமேஸ்வரம் வந்து மனு கொடுக்க முடியாது. மனு கொடுத்த பிறகு அறிவிப்புப் பலகையில் 30 நாள் இருக்கும், அது முடிந்ததும் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்து. மனு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இவர்கள் சட்டக் கல்யாணத்தைத் தங்கள் ஊர் அலுவலகத்தில் முடித்துவிட்டு, மாலை மாற்றுவதை இங்கே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நிக்காஹ் என்றால் ஜமாஅத்திடமும், தேவாலயக் கல்யாணம் என்றால் பங்குத்தந்தையிடமும் முதலில் பேசுங்கள். கத்தோலிக்கர்களுக்கு மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டியிருக்கும், அந்த நாட்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எதிர்ப்பும் மிரட்டலும் இருக்கிறது, அதனால்தான் சின்னக் கல்யாணம் என்றால் நிலைமையே வேறு. அப்போது கடற்கரை, போட்டோ எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இப்படிப்பட்ட தம்பதிகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நேரிலேயே மனு கொடுக்கலாம்.

படி 3: நாளும் காற்றும்

ஜோசியர் நல்ல நாள் குறித்துக் கொடுப்பார், காற்றைக் குறித்துக் கொடுக்க மாட்டார். எங்கள் கடலில் இரண்டு காற்று முக்கியம். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் அப்படியே தலைகீழ். ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல், பாக் நீரிணையைப் பெண்கடல் என்பார்கள். கச்சானில் பெண்கடல் கரைக்கும் வாடையில் ஆண்கடல் கரைக்கும் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

என்னைக் கேட்டால் மாசி, பங்குனி. மழை விட்டிருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மணல் சுடும்.

அமாவாசையைத் தவிருங்கள். அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றிலும் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் நிறைந்திருப்பார்கள். தை, ஆடி அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதே பெரும்பாடு.

படி 4: தாலி கட்டும் இடம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் அதிகம். இடிந்த தேவாலயத்தின் முன்னால் மாலையும் கழுத்துமாக நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை; ஒரே இரவில் அத்தனை பேரைக் கடல் கொண்டுபோன இடம். அதை விட்டாலும் நிழல் கிடையாது, சேலை மாற்ற மறைவு கிடையாது, மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் முடிந்து காரில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள், போதும்.

உச்சிப்புளிக்கு அருகில் அரியமான் கடற்கரை ஆரம்பக்காரர்களுக்கு நல்ல தேர்வு. பாக் நீரிணைப் பக்கம், வாடை இல்லாத காலத்தில் அலை இல்லாத கடல், கரையோரம் சவுக்குத் தோப்பு. பெரியவர்களை நிழலில் உட்காரவைக்கலாம். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். உள்ளூர் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது. ட்ரோன் படம் பற்றி யோசிக்கவே வேண்டாம். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானதளம் இருக்கிறது. அதேபோல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, படகில் போய் இறங்கி மாலை மாற்றலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கிளம்பிவிடாதீர்கள்.

கடற்கரையில் குத்துவிளக்கு நிற்காது. மூன்று பக்கம் அடைத்த கண்ணாடி விளக்கு ஒன்று எடுத்துவாருங்கள். மஞ்சள் கயிற்றை முந்தின நாளே எண்ணெய் தொட்டு நீவி வைத்தால் காற்றில் முறுக்கிக்கொள்ளாது, முடிச்சும் சீக்கிரம் விழும். முந்தானைக்கு ஊக்கு கூடுதலாக வேண்டும். அட்சதையைக் காற்று வரும் பக்கம் நின்று போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாம் போட்டவர் முகத்திலேயே வந்து விழும்.

கோயில்தான் வேண்டும் என்றால் உத்திரகோசமங்கை, திருப்புல்லாணி இரண்டும் பக்கம். அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, இது முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். பெற்றோர் வந்தாக வேண்டும் என்றும் சொல்லலாம்.

படி 5: ராமலிங்க விலாசம்

இந்தத் திட்டத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி இது. ராமநாதபுரம் ஊருக்குள், இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனை வளாகத்தில் உள்ள தர்பார் மண்டபம். கிழவன் சேதுபதி காலத்தில் கட்டியது, இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். உள்ளே சுவரெல்லாம் ஓவியம். தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திக்கும் காட்சி, ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து செங்கோல் வாங்கும் காட்சி, ராமாயணம், பாகவதம். மாடி அறையில் மன்னரின் அந்தரங்க வாழ்க்கை. கல்யாணமான அன்று பார்க்க அதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கிறது?

கல்யாணத்தை மண்டபத்துக்குள் நடத்த ஆசைப்படாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம். விளக்கு, சாம்பிராணி, மஞ்சள், குங்குமம் எதுவும் அந்தச் சுவர் பக்கம் போகக்கூடாது. ஓவியங்களுக்குப் புகையும் எண்ணெய்க் கையும் எமன். அதே வளாகத்தில் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிறது, அங்கே கும்பிட்டுவிட்டு, மாலையைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, சீட்டு வாங்கி உள்ளே போங்கள்.

போனில் ஒன்றிரண்டு படம் எடுப்பது ஒரு விஷயம், போட்டோகிராபரோடு போய் கல்யாணப் படம் எடுப்பது வேறு விஷயம். இரண்டாவதற்குத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். எந்த நாள் விடுமுறை என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் கூடாது. உள்ளே வெளிச்சம் மங்கல், அதனால் குறைந்த வெளிச்சத்துக்கான லென்ஸோடு வரச் சொல்லுங்கள். ஓவியங்களில் செம்மண் சிவப்பு தூக்கலாக இருக்கும். அரக்குப் பட்டு கட்டினால் படத்தில் மணமகள் சுவரோடு சுவராகிவிடுவார். சந்தன நிறமோ பச்சையோ எடுபடும். ஐந்தாறு பேருக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள், மற்றவர்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடலாம்.

படி 6: சாப்பாடு

இருபது பேருக்குத் தனிச் சமையல்காரர் தேவையில்லை. நல்ல மெஸ் ஒன்றில் ஒரு வாரம் முன்பு சொல்லிவைத்தால் இலை போட்டே பரிமாறுவார்கள். மீன் விருந்து என்றால் ஒரு விஷயம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை மட்டும் எகிறும். இனிப்புக்குக் கீழக்கரையிலிருந்து தொதலும் வட்டலப்பமும் சொல்லிவிடுங்கள். பாயசம் எங்கேயும் கிடைக்கும்.

படி 7: பதிவு

தாலி கட்டியதோடு வேலை முடியவில்லை. 2009-ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முடித்தவர்களுக்கு அந்தச் சான்றிதழே போதும். மற்றவர்கள் பதிவுத் துறை இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சாட்சிகளோடு போக வேண்டும்.

சின்னக் கல்யாணக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்திரிகை எங்கே என்று கேட்பார்கள். யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்றாலும் நாள், நேரம், இடம், இரு வீட்டுப் பெயர்களோடு பத்துப் பத்திரிகையாவது அடித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியல் உட்பட. தாலி கட்டும்போதோ மாலையோடு நிற்கும்போதோ இருவர் முகமும் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றும் வேண்டும். கடலைப் பார்த்து முதுகு காட்டி நிற்கும் கலைப் படங்களைப் பதிவாளர் ஏற்கமாட்டார். கோயிலில் நடந்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாட்சிகளாக வெளியூர் நண்பர்களைப் போட்டால் அவர்கள் மறுபடி லீவு போட்டு வர வேண்டியிருக்கும், ஆகவே பதிவன்று கூப்பிட்டால் வரக்கூடியவர்களாகப் பார்த்து இரண்டு பேரை முதல் படியிலேயே பட்டியலில் எழுதிவிடுங்கள்.