முதல் வாக்கு: 1, 2, 3 போடும் முறை

2024 செப்டெம்பர் 21, இலங்கை ஜனாதிபதித் தேர்தல். எனக்கு அதுதான் முதல் தடவை. வாக்கு ஊரில் என்பதால் முதல்நாளே கம்பஸ் விடுதியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். காலை 7 மணிக்கு அம்மம்மாவோடு வரிசையில் நின்றேன்.

அடையாள அட்டையை மறவாதேங்கோ. போனை வீட்டிலேயே விடுங்கோ. வாக்குச்சீட்டை முழுதாக விரித்துப் பாருங்கோ. எங்கட சீட்டு அவ்வளவு நீளம். பிடித்தவருக்கு நேரே 1. விரும்பினால் வேறு இருவருக்கு 2, 3. தனிப் புள்ளடியும் (X) செல்லும். ஆனால் புள்ளடியோடு 2, 3 போட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். இதை அம்மம்மாவுக்குப் பழைய கொப்பியில் மூன்று தரம் எழுதிக் காட்டினேன்.

2, 3 வீண் என்று நினையாதேங்கோ. அந்தமுறை ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அதனால் இலங்கையில் முதல் தடவையாக 2, 3 என்ற விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள்.